கடைசி பெஞ்சுக்கு ஒரு மணி நேரம்

படிப்பில் பின்தங்கிய பிள்ளைக்கு நம் வீடுகளில் வழக்கமாகச் செய்து வரும் வைத்தியங்கள் மூன்று. முதலாவது, திட்டு. இரண்டாவது, டியூஷன். மூன்றாவது, பக்கத்து வீட்டுப் பையனை உதாரணம் காட்டுதல். முதல் வைத்தியத்துக்குச் செலவே இல்லை. இரண்டாவதற்குச் செலவு அதிகம். மூன்றாவதனால் பக்கத்து வீட்டுப் பையனிடம் தீராப் பகை ஏற்படுவதைத் தவிர வேறு பலன் கண்டவர் யாரும் இல்லை. பள்ளிக்கூடங்களும் தம் பங்குக்கு ஒரு வைத்தியம் வைத்திருக்கின்றன. அதாவது, அதே பாடத்தை இன்னொரு தடவை, இன்னும் சற்று உரத்த குரலில் நடத்துவது. பாடம் புரியாத பிள்ளைக்குக் காதுதான் கேட்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டாற் போல!

இந்த வைத்தியங்கள் பலிக்காததற்குக் காரணம் ஒன்றுதான். வைத்தியர்களில் ஒருவராவது நாடி பிடித்துப் பார்க்கவில்லை. குழந்தைக்கு என்ன தெரியவில்லை என்று எல்லோரும் சொல்லுகிறோம். அதற்கு எது வரையில் தெரியும் என்று கேட்பவர்தான் அகப்படுவதில்லை.

ஐந்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுவனை நினைத்துப் பாருங்கள். கரும்பலகையில் உள்ளதை அப்படியே நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிடுகிறான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. பாடத்தை வாசிக்கச் சொன்னால், முன் பெஞ்சுக்காரன் வாசித்ததைக் காதால் கேட்டு வைத்துக் கொண்டு, புத்தகத்தின் மேல் விரலை ஓட்டியபடி ஒப்பித்தும் விடுகிறான். ஆனால் அவன் முன்பின் பார்த்திராத ஒரு காகிதத்தில் நான்கு எளிய வாக்கியங்களை எழுதி நீட்டினால் திருதிருவென்று விழிக்கிறான். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசம் அவனுக்குத் தெரியாது. இந்த ரகசியத்தை அவன் இரண்டாம் வகுப்பிலிருந்து காப்பாற்றி வருகிறான். அதற்காக அவன் செலவிட்டிருக்கும் புத்தியில் நாலில் ஒரு பங்கைச் சரியான வழியில் திருப்பியிருந்தால் இதற்குள் சரளமாக வாசிக்கக் கற்றிருப்பான். அவனை 'மக்கு' என்று சொல்லுகிறவர்கள் அவனுடைய சாமர்த்தியத்தை அறியாதவர்கள்.

இப்படிப்பட்டவர்கள் எங்கோ ஊருக்கு ஒருவர் இருப்பதாக எண்ண வேண்டாம். 2005-ஆம் ஆண்டு முதல் நம் தேசத்துக் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று குழந்தைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதித்து 'அசர்' என்ற பெயரால் அறிக்கை வெளியிட்டு வருகிறார்கள். அந்தச் சோதனை மிகவும் எளியது. எழுத்துக்கள், சொற்கள், நான்கு வரிப் பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு சிறு கதை. இவ்வளவுதான். அரசாங்கப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் குழந்தைகளில் அந்த இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்க முடிந்தவர்கள் 2018-இல் 100-க்கு 44.2 பேர். பெருந்தொற்றுக்குப் பிறகு 2022-இல் இது 38.5 ஆகக் குறைந்தது. 2024-இல் 44.8 ஆக ஏறியது. ஏறியது கண்டு சந்தோஷப்படலாம். ஆனால், ஏறிய பிறகும் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் மூன்று வகுப்புப் பின்தங்கியிருக்கிறார்கள் என்பதை மறப்பதற்கில்லை.

1950-இல் அமலுக்கு வந்த நமது அரசியல் சாஸனம், பத்து வருஷ காலத்துக்குள் பதினான்கு வயது வரையில் எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க முயல வேண்டும் என்று கூறிற்று. பத்து வருஷம் என்பது பல பத்து வருஷங்களாக நீண்டு போனாலும், குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வந்து சேர்க்கும் காரியம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. 2022-ஆம் வருஷத்து 'அசர்' அறிக்கைப்படி, ஆறு முதல் பதினான்கு வயதுக் கிராமக் குழந்தைகளில் 100-க்கு 98 பேருக்கு மேல் பள்ளிக்கூடத்தில் பெயர் பதிவானவர்கள். ஆகவே இப்போது நம் முன் உள்ள கேள்வி, குழந்தை பள்ளிக்கூடம் போகிறதா என்பதல்ல. போன இடத்தில் அதற்கு என்ன கிடைக்கிறது என்பதுதான்.

இந்த இடத்தில் நமது பெரியவர்களிடையே ஒரு பழைய வழக்கு ஆரம்பமாகிவிடும். "பரீட்சையில் தவறினவனை அதே வகுப்பில் நிறுத்தினால்தான் புத்தி வரும்" என்பது ஒரு கட்சி. "நிறுத்தினால் மனம் உடைந்து படிப்பையே விட்டு விடுவான். மேல் வகுப்புக்கு அனுப்புங்கள்" என்பது மற்றொரு கட்சி. 2009-இல் நிறைவேறிய கல்வி உரிமைச் சட்டம் இரண்டாவது கட்சியின் பக்கம் தீர்ப்பளித்தது. 2019-இல் வந்த திருத்தம், ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் நிறுத்தி வைக்க மாநிலங்களுக்கு இடம் கொடுத்தது. வாதப் பிரதிவாதம் பலமாகவே நடக்கிறது. ஆனால் மேலே சொன்ன சிறுவனை இந்த வழக்குக்குள் கொண்டு வந்து பாருங்கள். அவனை ஐந்தாம் வகுப்பிலேயே நிறுத்தினால், வாசிக்க முடியாத புத்தகத்தை இரண்டாம் வருஷமும் வாசிக்காமல் இருப்பான். ஆறாம் வகுப்புக்கு அனுப்பினால், இன்னும் கனமான ஒரு புத்தகத்தை வாசிக்காமல் இருப்பான். அவனுக்கு வேண்டியதெல்லாம் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும். அதை இரு கட்சியாரும் கொடுக்கவில்லை!

கொடுக்க முடியுமா, முடிந்தால் எப்படி என்பதற்கு நம் தேசத்திலேயே நல்ல சான்றுகள் இருக்கின்றன. பம்பாயில் 1990-களின் நடுவில் தோன்றிய 'பிரதம்' என்னும் சங்கத்தார், வடோதரா, மும்பை ஆகிய நகரங்களின் பள்ளிகளில் 'பால்சகி' என்ற ஏற்பாட்டைச் செய்தார்கள். குழந்தைகளின் தோழி என்று பொருள். அந்தப் பேட்டையைச் சேர்ந்த, பள்ளிப் படிப்பு முடித்த ஒரு இளம் பெண் தினமும் இரண்டு மணி நேரம், மூன்றாம் நான்காம் வகுப்புக்களில் பின்தங்கிய பதினைந்து இருபது குழந்தைகளைத் தனியே அழைத்து வைத்துக் கொண்டு எழுத்தும் எண்ணும் கற்றுக் கொடுப்பாள். மாதச் சம்பளம் 500 முதல் 750 ரூபாய். 2001-ஆம் ஆண்டு தொடங்கி இந்த ஏற்பாட்டின் பலனை அளந்தவர்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ இருவரும் பிற்பாடு, 2019-இல், பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார்கள். அவர்கள் கண்டது என்ன? நல்ல முன்னேற்றம் ஏற்பட்டது. அந்த முன்னேற்றமும் பெரும்பாலும் அடித்தட்டில் இருந்த குழந்தைகளையே சேர்ந்தது. இதிலே வேடிக்கை ஒன்று உண்டு. இருபது பேர் வெளியே போய்விட்டதால் வகுப்பில் மிஞ்சியவர்களுக்குக் கூட்டம் குறைந்ததல்லவா? அதனால் அவர்களுக்கு இலாபம் எதுவும் கிட்டவில்லை, நஷ்டமும் இல்லை. குழந்தைகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் மட்டும் போதாது, பாடம் குழந்தை நிற்கும் இடத்துக்கு இறங்கி வர வேண்டும் என்பது இதிலிருந்து தெளிவாயிற்று.

நல்ல யோசனை கிடைத்துவிட்டது, இனி நாடெங்கும் பரப்பிவிடலாம் என்று தோன்றும். ஆனால் பரப்பியபோது ஏற்பட்ட தோல்விகள்தாம் நமக்கு அதிக உபயோகமானவை. உத்தரப் பிரதேசத்தில் ஜோன்பூர் ஜில்லாவில் 2005-06-இல் கிராமத்துத் தொண்டர்களைக் கொண்டு பள்ளி நேரத்துக்கு வெளியே வாசிப்பு வகுப்புக்கள் நடத்தினார்கள். வந்த குழந்தைகள் நன்றாக முன்னேறினார்கள். ஆனால் வந்தவர்கள் 100-க்கு எட்டுப் பேர்தான். பீஹாரில் உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி அளித்து, அட்டைகளும் கதைப் புத்தகங்களும் கொடுத்துப் பார்த்தார்கள். பள்ளி நடக்கும் நாட்களில் அவற்றால் பலன் காணவில்லை. உபாத்தியாயர்களுக்குப் பாடப் புத்தகத்தை முடிக்க வேண்டிய கவலை இருந்ததால், அட்டைகள் அலமாரியில் ஓய்வெடுத்தன. ஆனால் அதே பீஹாரில் 2008-ஆம் வருஷம் கோடை விடுமுறையில் ஒரு மாதம் இதே முறையில் வகுப்புக்கள் நடத்தியபோது, அதே அரசாங்க உபாத்தியாயர்கள் கைகளில் குழந்தைகள் முன்னேறினார்கள். உத்தராகண்டத்தில் தொண்டர்களைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே ஆள் பற்றாக்குறையாக இருந்தபடியால் அவர்களைச் சாதாரண வகுப்பு நடத்த உட்கார்த்தி விட்டார்கள். பலன் பூஜ்யம்.

பிறகு 2012-13-இல் ஹரியானாவில் ஒரு மாறுதல் செய்தார்கள். பள்ளி நாளில் ஒரு மணி நேரத்தை அதிகப்படுத்தி, அந்த மணி நேரம் இந்தக் காரியத்துக்கு மட்டுந்தான் என்று உத்தரவிட்டார்கள். அந்நேரத்தில் குழந்தைகள் வகுப்பு வாரியாக அல்ல, வாசிக்கும் திறமை வாரியாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். மேற்பார்வை பார்க்க வேண்டியவர்கள் நேரில் வந்து பார்த்தார்கள். வாசிப்பில் முன்னேற்றம் தென்பட்டது. ஆக, பீஹாரிலும் உத்தராகண்டத்திலும் குறைந்தது உபாத்தியாயரின் திறமை அல்ல, காகிதமும் அல்ல. தனியாக ஒதுக்கி, வேறு எதற்கும் விட்டுக் கொடுக்காத ஒரு மணி நேரம் அங்கே இல்லை. இந்தக் கட்டுரையில் சொல்ல வந்த விஷயம் இதுதான்.

திறமை வாரியாகப் பிரிப்பது என்பதைக் கேட்டு, "இது ஏதோ புதுமையான மேல்நாட்டு முறை" என்று யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. நமது திண்ணைப் பள்ளிக்கூடங்களில் வயதுக்கு ஒரு வகுப்பு என்ற கட்டுப்பாடு கிடையாது. மணலில் எழுத்தைப் போட்டுப் பழகுகிறவன் ஒரு பக்கம். ஓலையில் எழுதுகிறவன் ஒரு பக்கம். முன்னே போனவன் பின்னால் வருகிறவனுக்குச் சொல்லிக் கொடுப்பான். சட்டாம்பிள்ளையின் அதிகாரம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒவ்வொரு பிள்ளையும் தான் நின்ற இடத்திலிருந்துதான் அடுத்த அடி எடுத்து வைத்தான். சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்தி வந்த ஆண்ட்ரு பெல் என்ற பாதிரியார், இந்நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகும் ஒரு பள்ளியைக் கண்டு, அதைத் தம் பள்ளியிலும் புகுத்த விரும்பினார். அவரிடமிருந்த உபாத்தியாயர்கள் இணங்கவில்லை. அவர் எட்டு வயதுப் பையன் ஒருவனை உபாத்தியாயராக்கிக் காரியத்தை நடத்திவிட்டார்! 1797-இல் அவர் லண்டனில் இதைப் புத்தகமாக வெளியிட, இங்கிலாந்தில் அதற்கு 'மதராஸ் முறை' என்றே பெயர் வழங்கலாயிற்று. நம் திண்ணையிலிருந்து கப்பலேறிப் போன சரக்கைத் திரும்பப் பெறுவதில் நமக்குக் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. திண்ணைப் பள்ளியின் பிரம்பையும், ஊரில் பாதிப் பேரைப் படியேற விடாத வழக்கத்தையும் விட்டுவிட்டு, இந்த ஒரு குணத்தை மட்டும் எடுத்துக் கொண்டால் போதும்.

தமிழ்நாடு சமீப காலத்தில் இந்த வழியில் செய்து பார்த்ததையும் குறிப்பிட வேண்டும். பெருந்தொற்றினால் இங்கே பள்ளிகள் ஏறக்குறைய பதினெட்டு மாதம் மூடிக் கிடந்தன. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் கிராமங்களில் ஏராளமான குழந்தைகளைச் சோதித்தபோது, 2019-இல் அதே ஊர்களில் அதே வயதுக் குழந்தைகள் அறிந்திருந்ததைவிட மிகவும் குறைவாகவே அறிந்திருந்தார்கள். தமிழைக் காட்டிலும் கணக்கில் நஷ்டம் அதிகம். 2021 அக்டோபரில் விழுப்புரம் ஜில்லாவில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கி வைக்கப்பட்டது. மாலை வேளையில், ஊரிலுள்ள தொண்டர் ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண், சுமார் இருபது குழந்தைகளை ஒன்றரை மணி நேரம் வரையில் கூட்டி வைத்துக் கொண்டு எழுத்தும் கணக்கும் பழக்கினார். மாதம் 1000 ரூபாய் ஊக்கத் தொகை. பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துக்குள் நஷ்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு சரியாயிற்று என்றும், அந்த மீட்சியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இந்த மாலை வகுப்புக்களால் வந்தது என்றும் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். 2022-இல் ஆரம்பப் பள்ளிகளுக்குள்ளேயே 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டம் வந்தது. அதில் குழந்தைகளை 'அரும்பு', 'மொட்டு', 'மலர்' என்று படிகளாக வகுத்தார்கள். 'மக்கு' என்ற பழைய பெயரைக் காட்டிலும் 'அரும்பு' எவ்வளவோ மேல் அல்லவா? அரும்பு என்றால் நாளைக்கு மலரும் என்பது அதிலேயே அடங்கியிருக்கிறது.

சரி, ஒரே ஒரு பள்ளிக்கூடத்தில் இத்தகைய ஏற்பாட்டைச் செய்ய வேண்டுமானால் எங்கிருந்து ஆரம்பிப்பது? நாடி பார்ப்பதிலிருந்துதான். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் அனைவரையும் ஒருவர் ஒருவராக அழைத்து, மற்றவர் காதில் விழாத இடத்தில் உட்கார்த்தி, பத்து நிமிஷம் வாசிக்கச் செய்ய வேண்டும். எழுத்தா, சொல்லா, பத்தியா, கதையா, எந்தப் படியில் குழந்தை நிற்கிறது என்பதை ஒரே தாளில் குறித்துக் கொள்ள வேண்டும். கணக்கிலும் அப்படியே. இதற்கு மார்க்குப் போடக் கூடாது. மார்க்கு என்றதும் வீட்டில் திட்டும் டியூஷனும் கிளம்பிவிடும்.

அடுத்து, கால அட்டவணையில் தினந்தோறும் ஒரு மணி நேரம். அது விளையாட்டு வேளையைப் பறித்து எடுத்ததாக இருக்கக் கூடாது. குழந்தைகள் களைத்துப் போன கடைசி மணியாகவும் இருக்கக் கூடாது. அந்த மணி அடித்ததும் பள்ளிக்கூடம் முழுவதும் இடம் மாற வேண்டும். எழுத்துக் கூட்டம் ஓர் அறைக்கு, சொற் கூட்டம் ஓர் அறைக்கு, கதைக் கூட்டம் மரத்தடிக்கு. எல்லோரும் எங்கேயாவது போவதால் யாருக்கும் அவமானம் இல்லை. பின்தங்கியவர்களை மட்டும் பெயர் சொல்லி எழுப்பித் தனியே அனுப்பினால், பாடத்தைக் காட்டிலும் வெட்கத்தைத்தான் அவர்கள் நன்றாகக் கற்றுக் கொள்வார்கள். கதை வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கும் அந்த மணி நேரத்தில் இன்னும் நல்ல கதைகள் கிடைக்கும். அவர்களுக்கும் அது இலாபந்தான்.

அடுத்த கேள்வி, கற்றுக் கொடுப்பவர் யார் என்பது. பள்ளியில் உள்ளவர்களிலேயே பொறுமையும் அநுபவமும் மிக்க உபாத்தியாயரை எழுத்துக் கூட்டத்துக்குக் கொடுக்க வேண்டும். சாதாரணமாக நாம் இதற்கு நேர் மாறாகச் செய்கிறோம். மிகச் சிறந்தவரைப் பரீட்சை வகுப்புக்கு அனுப்பிவிட்டு, நேற்று வந்தவரை ஆனா ஆவன்னாவுக்கு அனுப்புகிறோம். சுலபமான பாடத்துக்குச் சாதாரண உபாத்தியாயர் போதும் என்பது எண்ணம். ஆனால் ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு, அவன் மனம் புண்படாமல், ஆனா ஆவன்னா கற்றுக் கொடுப்பதைப் போன்ற கஷ்டமான வித்தை வேறு இல்லை.

சாமான்கள் அதிகம் வேண்டியதில்லை. எழுத்து அட்டைகள், பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகள், ஒரு கை புளியங்கொட்டை, குழந்தைகள் சொல்லக் கேட்டு எழுதிய சிறு கதைகள். ஐந்து ஆறு வாரத்துக்கு ஒரு முறை மறுபடியும் நாடி பார்த்து, முன்னேறியவர்களை அடுத்த கூட்டத்துக்கு அனுப்ப வேண்டும். இது முக்கியம். அனுப்பாமல் ஒரே இடத்தில் வைத்திருந்தால் எழுத்துக் கூட்டம் இன்னொரு கடைசி பெஞ்சாக மாறிவிடும். பத்து வாரமாகியும் நகராத குழந்தை இருந்தால், அதன் கண்ணையும் காதையும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். கண்ணும் காதும் நன்றாக இருந்தும் எழுத்து மட்டும் பிடிபடாத குழந்தைகளும் உண்டு. டிஸ்லெக்ஸியா என்று அதைச் சொல்லுகிறார்கள். அது சோம்பேறித்தனமும் அல்ல, புத்திக் குறைவும் அல்ல. அதற்கு வேறு விதமான பயிற்சி தேவை. காலையில் அந்தக் குழந்தை சாப்பிட்டதா என்றும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கி 2023-இல் அரசாங்க ஆரம்பப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலைச் சிற்றுண்டித் திட்டம் சோற்றுத் திட்டம் மட்டும் அல்ல. முதல் மணிப் பாடம் மண்டையில் ஏறுவதற்கான திட்டமுங்கூட.

"எங்கள் குழந்தைகள் நன்றாகத்தான் படிக்கிறார்கள். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று இதை வாசிக்கும் குடும்பத்தார் கேட்கலாம். முதலில், அது நிச்சயந்தானா என்று பார்த்துக் கொள்ளுங்கள். குழந்தை முன் பார்த்திராத ஒரு பக்கத்தை, இந்தப் பத்திரிகையிலிருந்தே, வாசிக்கச் சொல்லுங்கள். பெரிய பள்ளிக்கூடத்துச் சீருடைக்குள்ளும் ரகசியம் காப்பாற்றும் சிறுவர்கள் இருக்கிறார்கள். பிறகு, உங்கள் ஊர்ப் பள்ளியின் தலைமை உபாத்தியாயரிடம் மரியாதையாக மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியே வாசிக்கச் சொல்லிப் பார்த்தீர்களா? பின்தங்கியவர்களுக்கென்று கால அட்டவணையில் தினமும் ஒரு மணி நேரம் உண்டா? அந்த மணி நேரத்தை வேறு வேலைக்கு எடுத்துக் கொள்ளாமல் காப்பவர் யார்? கல்வி உரிமைச் சட்டப்படி அரசாங்கப் பள்ளிகளுக்கு அமைந்த மேலாண்மைக் குழுக்களில் பெற்றோர்களே முக்கால் பங்கு இருக்க வேண்டும். அங்கே பேசுவதற்கு இதைவிட முக்கியமான விஷயம் என்ன இருக்கிறது? ஓய்வு பெற்ற பெரியவர்களும், வீட்டிலிருக்கும் படித்த பெண்மணிகளும், கல்லூரி மாணவர்களும் வாரத்தில் சில மணி நேரம் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து கதை கேட்கலாம். சொல்லிக் கொடுக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தட்டுத் தடுமாறி வாசிக்கும் குழந்தைக்கு, நடுவில் குறுக்கிடாமல் கேட்பதற்கு ஒரு மனிதர் கிடைப்பதே அபூர்வம்.

ஆலயத் திருப்பணி என்றால் நன்கொடைச் சீட்டோடு ஊரே புறப்படுகிறது. ஏரிக்குக் கரை உடைந்தால் எல்லோரும் மண்வெட்டி எடுக்கிறோம். பள்ளிக்கூடத்துக் கடைசி பெஞ்சில் வருஷா வருஷம் உடைப்பெடுத்துக் கொண்டிருப்பது எவருக்கும் தெரிவதில்லை. அந்தச் சிறுவன் சத்தம் போடுவதில்லை. ரகசியத்தைக் காப்பாற்றிக் கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கிறான். இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு வராமல் நின்று விடுவான். "படிப்பு ஏறவில்லை" என்று எல்லோரும் சொல்லுவோம். படிப்பு ஏறுவதற்கு ஒரு மணி நேரம் கொடுத்துப் பார்த்தோமா என்பதற்கு அப்போது நம்மிடம் பதில் இருக்க வேண்டும்.